மன்னிக்கும் மட்டை தேடிய ஆய்வாளர்

முப்பத்தொரு வருடம் அவர் பார்த்த வேலை, அடுத்தவர் வண்டி ஓட்டும்போது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து உதட்டைப் பிதுக்குவது. அரசாங்கம் அதற்கு ஓட்டுநர் உரிமத் தேர்வு ஆய்வாளர் என்று மரியாதையாகப் பெயர் வைத்திருந்தது. ஊர் வைத்த பெயர் வேறு: ‘மறுபடி வாங்க’. தேர்வு முடிந்து வண்டி நின்றதும் அவர் வாயிலிருந்து அந்த இரண்டு வார்த்தைதான் வரும். கோபம் இருக்காது, சிரிப்பும் இருக்காது. ஏதோ விருந்துக்கு வந்தவரை வாசல்வரை வந்து வழியனுப்புகிற தோரணையில் சொல்லிவிட்டு, அடுத்தவர் பெயரைப் படிக்க ஆரம்பித்துவிடுவார்.

சக்கரம் நடைபாதைக் கல்லை லேசாக உரசினால் போச்சு. கியர் மாற்றும்போது வண்டி ஒரு முறை தும்மினால் போச்சு. “கண்ணாடியைப் பாத்தேன் சார்” என்று ஒரு பெரியவர் அழாத குறையாகச் சொன்னபோது, “கண்ணு அசைஞ்சது, தலை அசையல” என்று பதில் சொன்னவர் அவர். சொந்த மச்சானையே இரண்டு முறை திருப்பி அனுப்பினார். அந்த மச்சான் இன்றைக்கும் அக்கா வீட்டுக்கு பஸ்ஸில்தான் வந்து போகிறார். தெருமுனையில் இறங்கி, வேண்டுமென்றே வியர்க்க வியர்க்க நடந்து வருவார்.

ஓய்வு பெற்ற அன்று மேலதிகாரி, “இவருடைய இடத்தை யாராலும் நிரப்ப முடியாது” என்று தழுதழுத்த குரலில் பேசினார். அந்த இடத்துக்கு வந்த புது ஆய்வாளர் முதல் வாரத்திலேயே நூற்றிருபது பேருக்கு உரிமம் கொடுத்து, முடியும் என்று காட்டிவிட்டார்.

மனிதருக்கு வேலைதான் போனதே தவிர, கண் போகவில்லை. வீட்டில் இருந்தபடியே ஆய்வைத் தொடர்ந்தார். கழுவிக் கவிழ்த்த தட்டுகள் ஒரே திசையைப் பார்க்கின்றனவா, சாப்பாட்டு மேசை நாற்காலிகள் சமதூரத்தில் இருக்கின்றனவா, துணி காயப்போடும் கொடியில் கிளிப்புகள் நிறவாரியாக இருக்கின்றனவா என்று நாளுக்கு மூன்று சுற்று. மனைவி ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அவளுக்கு இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருந்தது. நாள் முழுக்கப் பிறத்தியார் கையில் நரம்பு தேடிவிட்டு அலுத்துப்போய் அவள் காரை நிறுத்தும்போது, இவர் மாடி பால்கனியிலிருந்து எட்டிப் பார்ப்பார்.

“இடது பக்கம் அரை அடி ஜாஸ்தி விட்டிருக்க.”

ஒரு நாள் அவள் அண்ணாந்து பார்த்தாள். இன்ஜினை அணைக்கவில்லை. பின்னுக்கு எடுத்தாள், திருப்பினாள், நேரே தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தவள் கைப்பையைக்கூட வைக்காமல், “ஏங்க, தினம் காலைல வெளிய போயிட்டு சாயங்காலம் வர்ற மாதிரி ஏதாவது ஒண்ணைப் பிடிச்சுக்குங்க. என்னவா இருந்தாலும் சரி, நான் ஏன்னு கேக்க மாட்டேன்” என்றாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் சம்பந்தி கோல்ஃப் ஆட வரச்சொல்லிக் கூப்பிட்டார்.

சம்பந்தி என்றால் மகளின் மாமனார். பல் டாக்டர். முப்பது வருடமாக அவர் பேசிக்கொண்டிருந்த ஆட்கள் எல்லோருமே வாயைப் பிளந்தபடி, உள்ளே பஞ்சும் குழாயுமாகப் படுத்திருந்தவர்கள். அதனால் அவர் சொன்னதை இதுவரை யாரும் மறுத்ததில்லை. தான் எல்லா விஷயத்திலும் சரி என்று அவருக்கு ஒரு முடிவு ஏற்பட்டிருந்தது. அதில் அவருடைய தப்பு ஒன்றும் இல்லை.

“நிக்கிற பந்தை அடிக்கிறதுல என்ன பெரிய கஷ்டம் சம்பந்தி?” என்று இவர் முதல் நாள் கேட்டார். மட்டையை ஓங்கி வீசினார். பந்து நின்ற இடத்திலேயே நின்றது. பக்கத்திலிருந்த புல் மட்டும் ஒரு பிடி பறந்து போய் விழுந்தது.

எட்டு மாதம் கற்றுக்கொண்டார். பிடிவாதத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. குச்சியின் மேல் பந்தை வைத்துப் பெரிய மட்டையால் அடிக்கும் முதல் அடி ஒருவாறு வந்துவிட்டது. குழிக்குக் கிட்டே போன பிறகு சின்ன இரும்பு மட்டைகளும் சொன்னபடி கேட்டன. நடுவில்தான் தொல்லை. பந்து சீராக வெட்டிய புல்லில் கிடக்கும், குழி இன்னும் இருநூறு கஜத்துக்கு அப்பால் இருக்கும், தாங்கிப் பிடிக்கக் குச்சியும் கிடையாது. அந்த இடத்துக்கென்றே இருக்கிறது ஃபேர்வே வுட். வுட் என்று பெயர்தானே தவிர மரம் மருந்துக்கும் இல்லை. உள்ளே காலி, வெளியே உலோகம், மேலே பளபளப்பு. பெரிய பதவிக்கு வேண்டிய எல்லா லட்சணமும் பொருந்தியது. அதில் மூன்று, ஐந்து, ஏழு என்று எண் உண்டு. எண் ஏற ஏற மட்டையின் முகம் பின்னால் சாயும், பந்து எளிதாக மேலே கிளம்பும்.

சம்பந்தி தன்னுடைய பழைய மூன்றாம் எண்ணை எடுத்துப் பரிசாகக் கொடுத்தார்.

“த்ரீ வுட் சம்பந்தி. சின்னத் தலை, விறைப்பான தண்டு, கத்தி மாதிரி இருக்கும். நான் இப்ப புதுசு ஒண்ணு வாங்கிட்டேன், அதுவும் த்ரீதான். செவன், நைன் எல்லாம் என் மாமியார் வயசுக்காரங்க அடிக்கிறது. நமக்கு எதுக்கு?”

இவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து துடைத்து வைத்தார். மறுநாள் பயிற்சித் திடலில் அடித்தபோது பந்து மண்டையில் குட்டு வாங்கிய மாதிரி தரையோடு தரையாக ஓடி, இருபது அடியில் அலுத்துப்போய் நின்றது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்தது வலப்புறம் வேலிக்குள் போய் ஒளிந்துகொண்டது. ஒரு மாதம் இதே கதை.

பிறகு படிக்க ஆரம்பித்தார். இணையத்தில் மட்டைகளைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோருக்கும் பிடித்த வார்த்தை ஒன்று உண்டு என்று கண்டுபிடித்தார். ஒரு மாலை, சமையலறையில் நின்றிருந்த மனைவிக்கு அதை உரக்க வாசித்துக் காட்டினார்.

“‘இந்த மட்டை உங்கள் தவறுகளை மன்னிக்கும்’னு போட்டிருக்கான்.”

“உங்க தப்பையெல்லாம் மன்னிக்க வீட்ல ஒருத்தி சம்பளம் இல்லாம நிக்கிறது போதாதா? அதுக்குத் தனியா ஒரு மட்டை வேற வேணுமா?”

“அது இல்லடி. தப்பா அடிச்சா தப்புதானே? மட்டை எப்படி மன்னிக்கும்? லாஜிக்கே இல்லையே.”

“வாங்கிட்டு வந்து அதுகிட்டயே விசாரணை வைங்க” என்று சொல்லிவிட்டு அவள் குழாயைத் திறந்துவிட்டாள்.

லாஜிக் இல்லாவிட்டாலும் ஆசை விடவில்லை. நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு இருபத்தேழு மட்டைகளுக்கு மதிப்பெண் கொடுத்தார். மன்னிக்கும் குணத்துக்கு மட்டும் தனிக் கட்டம், பத்துக்கு. ஒரு மட்டைகூட ஆறைத் தாண்டவில்லை. எதையும் தொட்டுப் பார்க்காமலே இந்த முடிவுக்கு வர முப்பத்தொரு வருட அனுபவம் வேண்டும்.

கோல்ஃப் சாமான் கடை ஒரு சரக்குக் கிடங்கின் பின்பக்கம் இருந்தது. சுவர் முழுக்க மட்டைகள். ஒரு மூலையில் செயற்கைப் புல், தொங்கும் வலை, அடியின் வேகத்தையும் பந்தின் உயரத்தையும் காட்டும் திரை. ஆளுக்கேற்ற மட்டையை அளந்து சொல்வது அங்கே ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். கூந்தலை இறுக்கிக் கட்டி, காதில் பென்சில் செருகியிருந்தாள். இவரைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றாள். பிறகு, “சொல்லுங்க சார், என்ன வேணும்?” என்றாள்.

“த்ரீ வுட். மன்னிக்கிற ரகமா இருக்கணும்.” நோட்டை நீட்டினார்.

அவள் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள். “இதுல எதையாவது அடிச்சுப் பாத்திருக்கீங்களா?”

“படிச்சிருக்கேன்.”

“சரி. நோட்டு இங்க இருக்கட்டும். இப்ப கையில இருக்கிற மட்டையை எடுத்துட்டு வலைக்கு முன்னாடி வாங்க. பத்து பந்து.”

பத்தும் அடித்தார். அவள் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு அடிக்கும் தாளில் ஏதோ எழுதினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான்காவது பந்தில் உதட்டை லேசாகப் பிதுக்கினாள். அதைப் பார்த்ததும் அவருக்கு உள்ளங்கை வியர்த்தது. எத்தனையோ பேர் பிடித்த ஸ்டியரிங் ஏன் ஈரமாக இருந்தது என்பது அந்த நிமிஷம்தான் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை, கடையில் காற்றோட்டம் போதாது என்று நினைத்துக்கொண்டார்.

“பத்துல ஏழு தரையை விட்டுக் கிளம்பவே இல்ல” என்றாள் அவள். “மீதி மூணு வலப்பக்கம் ஓடிப்போச்சு. இந்த மட்டையோட முகம் கிட்டத்தட்ட செங்குத்தா நிக்குது சார். பந்து மேல கிளம்பணும்னா ஒண்ணு மட்டைக்குச் சாய்வு இருக்கணும், இல்ல கைக்கு வேகம் இருக்கணும். ரெண்டுமே இல்லன்னா அது எதுக்கு எந்திரிக்கணும், சொல்லுங்க?”

“அப்போ?”

“செவன் வுட். இருபத்தோரு டிகிரி சாய்வு, பெரிய தலை, லேசான தண்டு. த்ரீயை மறந்துடுங்க.”

அவர் முகத்தில் ஈயாடவில்லை. “அது லேடீஸ் அடிக்கிறதும்மா. வயசானவங்க அடிக்கிறது.”

“பந்துக்கு அதெல்லாம் தெரியாது சார்.”

“என் சம்பந்தி என்னைவிட ரெண்டு வயசு பெரியவர். பல் டாக்டர், இங்கதான் வாங்குவார். அவரே த்ரீதான் அடிக்கிறார்.”

அவள் ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடி மேசையை ஒரு துணியால் துடைக்க ஆரம்பித்தாள். “மத்தவங்க பையில என்ன இருக்குன்னு நான் பேசறதில்ல சார்.”

முடிவு எழுதிய தாளை மடித்து அவர் கையில் கொடுத்தாள். “இப்பவே முடிவு பண்ண வேணாம். மறுபடி வாங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை.

“நீங்க…”

“நாலு தடவை சார்.”

“எதுல போச்சு?”

“முதல் தடவை கண்ணாடி. ரெண்டாவது கியர். மூணாவது என்னன்னு நீங்க சொல்லவே இல்ல. நாலாவது தடவை எல்லாம் சரியாப் பண்ணி, கடைசியில வண்டி கோட்டுக்கு ஒரு சாண் வெளிய நின்னுடுச்சு.”

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் ஒரு அசட்டுச் சிரிப்பாவது சிரித்திருப்பார்கள். இவர், “ஒரு சாண் வெளிய நின்னா வெளியதான்” என்றார். சொன்ன பிறகுதான், சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. “அஞ்சாவது தடவை?”

“நீங்க லீவு.”

ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தார். காரில் உட்கார்ந்து அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். அளவுகளில் தப்பு இருக்கிறதா என்று தேடினார். இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

அடுத்த வாரம் மைதானத்தில் ஜோடிப் போட்டி. சம்பந்தி கேட்காமலே இருவர் பெயரையும் கொடுத்துவிட்டிருந்தார். இந்தப் போட்டியில் ஜோடிக்கு ஒரே பந்து. ஒருவர் மாற்றி ஒருவர் அடிக்க வேண்டும். அதாவது, நீங்கள் செய்து வைத்த காரியத்தை அடுத்த அடியில் உங்கள் கூட்டாளி போய் அனுபவிக்க வேண்டும். சம்பந்திகளுக்குள் உறவு கெட வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்து உண்டாக்கிய ஆட்டம்.

எதிரே கணவனும் மனைவியும். இரண்டு பேரும் கணக்கு ஆசிரியர்கள், இருவர் முகத்திலும் சிரிப்பு ஒட்டி வைத்தது போல இருந்தது. முதல் மூன்று குழி பரவாயில்லை. நான்காவதில் சம்பந்தி பந்தை அழகாகப் புல்தரை நடுவில் கொண்டுவந்து போட்டார். முன்னால் ஒரு குட்டை. பெரிய குட்டையும் இல்லை. ஒரு வாத்து மனசு வைத்தால் சுற்றிக்கொண்டே நடந்து போய்விடும். இவர் மூன்றாம் எண்ணை எடுத்து, மூச்சை இழுத்து வீசினார். பந்து தரையோடு ஓடி, விளிம்பில் ஒரு கணம் தயங்கி, தண்ணீருக்குள் இறங்கியது.

“இருக்கட்டும்” என்றார் சம்பந்தி.

ஆறாவதில் புதருக்குள். “இருக்கட்டும்” என்றார், கொஞ்சம் மெதுவாக. எட்டாவதில் மணல் பள்ளத்துக்குள். ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பதாவது குழியில் சம்பந்தி முன்னெச்சரிக்கையாக வலப்பக்கம் பதினைந்து அடி தள்ளி நின்றுகொண்டார். மட்டையின் நுனியில் பட்ட பந்து, வேறு எங்கும் போகப் பிடிக்காமல், நேராக அவர் கணுக்கால் எலும்பைத் தேடிப் போனது. அப்போது பல் டாக்டர் வாயிலிருந்து வந்த சத்தம், முப்பது வருடமாக அவர் நோயாளிகளிடம் கேட்டுப் பழகிய சத்தம். “வலிக்காது, ஒரு நிமிஷம்தான்” என்று சொல்ல அவருக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

பன்னிரண்டாவது குழியிலேயே தோல்வி முடிவாகிவிட்டது. கணக்கு ஆசிரியர்கள் சிரித்துக்கொண்டே கை குலுக்கினார்கள். திரும்பி வருகிற வழியெல்லாம் மைதானத்துச் சின்ன வண்டியில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

மாலையில் மகள் போன் செய்தாள்.

“அப்பா, மாமா காலைத் தூக்கி ஸ்டூல் மேல வச்சுக்கிட்டு ஐஸ் வச்சுட்டிருக்கார். யார்கிட்டயும் பேசல. அத்தை என்னைப் பாக்கிற பார்வையே சரியில்ல. என்னதான்ப்பா பண்ணீங்க?”

“விளையாடினேன்மா.”

“ஒண்ணு விடுங்க, இல்ல ஒழுங்கா கத்துக்குங்க. இந்த வீட்ல நான் குடும்பம் நடத்தணும்.”

மறுநாள் காலை கடை திறக்கும்போதே அவர் வாசலில் நின்றார். நோட்டு கொண்டு வரவில்லை. அவள், “வாங்க சார்” என்றாள். அவ்வளவுதான். நடந்ததை அவர் சொல்லவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை. மூன்று செவன் வுட்களை எடுத்து வைத்து, ஒவ்வொன்றின் முகத்திலும் வெள்ளைப் பொடியைத் தூவினாள். பந்து பட்ட இடத்தில் தடம் தெரியும்.

முதல் மட்டை பார்க்க லட்சணமாக இருந்தது; சின்னத் தலை, கறுப்பு மினுமினுப்பு. அவர் கை தானாக அதற்குத்தான் போனது. ஒரு அடி பறந்தது. அடுத்த இரண்டும் வழுக்கிக்கொண்டு போயின.

“பாக்க அழகுதான் சார். நடுவுல பட்டா தேன், தள்ளிப் பட்டா தேள்” என்று அதை வாங்கி ஓரமாக வைத்தாள். இரண்டாவது அவர் கைக்குக் கனமாக இருந்தது. எட்டு அடிக்குள் தோள் தொங்கிவிட்டது. மூன்றாவதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்தது. அகன்ற தலை, குட்டையான முகம், பின்பக்கம் புடைத்துக்கொண்டு சட்டி மாதிரி இருந்தது.

“கனமெல்லாம் கீழயும் பின்னாலயும் இருக்கு. அதனாலதான் இந்த உருவம். அடிங்க.”

அடித்தார். திரையில் பந்து எழும்பி, உயரே போய், நேராக விழுந்தது. நூற்று நாற்பத்தெட்டு கஜம் என்று காட்டியது. மூன்றாம் எண்ணால் கனவில்கூட அவர் அவ்வளவு தூரம் அடித்ததில்லை. அவள் மட்டையைத் திருப்பிக் காட்டினாள். பொடியில் தடம், நடுவிலிருந்து இரண்டு விரல் தள்ளி இருந்தது.

“அப்போ தப்பாதானே அடிச்சிருக்கேன்?”

“தப்புதான். ஆனா அதுக்காகத் திருப்பி அனுப்பல. பத்து கஜம் பிடிச்சுக்கிட்டு, போயிட்டு வான்னு விட்டிருச்சு. தள்ளிப் பட்டாலும் தலை திரும்பாம நிக்கிறதைத்தான் மன்னிக்கிறதுன்னு சொல்றாங்க. அதுக்கு மேல இதுல புண்ணியம் ஒண்ணும் இல்ல சார்.”

அவர் அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் இருபது பந்து அடித்தார். பாதி தடம் நடுவில், பாதி அங்கே இங்கே. பதினேழு பந்து திரையில் நேராகத்தான் போயின.

“இதையே குடுங்க” என்றார். பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, “அந்தக் கோடு நான் போட்டது இல்லம்மா” என்றார்.

“தெரியும் சார். மட்டைத் தலைக்கு மாட்டுற உறை என்ன கலர்ல வேணும்?”

“நம்பர் போடாத உறை இருக்கா?”

“இருக்கு. வேற நம்பர் போட்டதும் இருக்கு. சில பேர் கேட்டு வாங்கிட்டுப் போவாங்க.”

“சே, அது மோசடி. ஏழுன்னே போட்டதைக் குடுங்க.” நேர்மையில் மட்டும் மனிதர் ஒரு சாண்கூட வெளியே நின்றதில்லை.

முதல் சுற்றிலேயே தோற்றவர்கள் மனம் உடையக் கூடாது என்று மைதானத்தில் தனியாக ஒரு சின்னக் கோப்பை வைத்திருந்தார்கள். அதற்கு ஆடி அதிலும் தோற்றால் உடைவதற்கு மனமே மிச்சம் இருக்காது என்பதை யாரும் யோசிக்கவில்லை. சம்பந்தியின் கணுக்கால் வீக்கம் வடிய இரண்டு வாரம் ஆனது. மகள் இரண்டு பக்கமும் பேசி, இரண்டு பேரையும் மறுபடி ஒரே வண்டியில் ஏற்றினாள்.

சம்பந்தியின் கண் முதலில் போனது புது உறையின் மேல்.

“ஏழா!” என்று ஒரு சிரிப்பு சிரித்தார். “என்ன சம்பந்தி, சம்பந்தியம்மா மட்டையை மாத்தி எடுத்துட்டு வந்துட்டீங்களா?”

“கைக்கு வாகா இருக்கு.”

“இருக்கட்டும், இருக்கட்டும். வயசுக்கு ஏத்ததுதானே.” தன் பையிலிருந்த மூன்றாம் எண் உறையை, குழந்தை தலையைத் தடவுவது போலத் தடவிக்கொண்டார்.

எதிர் ஜோடி அண்ணனும் தம்பியும். மருந்துக்கடை வைத்திருந்தார்கள், ஒருவரோடொருவர் பேசி ஆறு மாதம் ஆகியிருந்தது. அதனால் ஆட்டம் அமைதியாக நடந்தது. நான்காவது குழியில், அதே குட்டைக்கு முன்னால், சட்டித் தலை மட்டை பந்தை எடுத்துத் தண்ணீருக்கு மேலே கொண்டுபோய் அக்கரையில் வைத்தது. சம்பந்தி ‘ம்’ என்றார். ஏழாவதிலும் அப்படியே. ‘ம்’ கொஞ்சம் சுருங்கியது. பத்தாவது குழிக்குப் பிறகு ‘ம்’ நின்றுவிட்டது.

பதின்மூன்றாவதில் இவர் அடித்த முதல் அடி ஒரு மரத்தின் அந்தப் பக்கம் போய் விழுந்தது. சம்பந்தி முன்னால் நடந்துபோய்ப் பந்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

“சம்பந்தி, வண்டியிலேர்ந்து என் த்ரீ வுட்டைக் கொண்டு வாங்க! உறையோட கொண்டு வாங்க, கழட்டாதீங்க. தூசி படியும்.”

சுற்றிலும் பச்சைப் புல். முந்தின நாள்தான் மழை பெய்திருந்தது. தூசி எங்கிருந்து வரும்? ஓட்டுநர் முகத்தைப் பார்த்தே பிரேக் வயர் அறுந்ததைச் சொல்லக்கூடியவரிடம் போய், கழற்றாதே என்றால் கை சும்மா இருக்குமா? வண்டியின் மறைவில் நின்று உறையை இழுத்தார். அகன்ற தலை. குட்டை முகம். பின்பக்கம் புடைப்பு. திருப்பிப் பார்த்தார். அடியில் பெரிதாக ஏழு என்று பொறித்திருந்தது.

ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. சம்பந்தியின் மூன்றாம் எண் பந்து எப்போதும் அத்தனை உயரம் போய் அத்தனை மெதுவாக இறங்குவதை, கை வாகு என்று நினைத்து இவர் ஏங்கியிருக்கிறார். அந்தப் பெண் மேசை துடைத்தது ஞாபகம் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பழைய கத்தி. தன்னால் அடிக்க முடியாத மட்டையைத்தான் மனிதர் பரிசு என்று சொல்லித் தலையில் கட்டியிருக்கிறார்! அதை வைத்துக்கொண்டு ஒரு மாதம் மானம் போனது. அடிபட்ட கணுக்காலின் மேல் இருந்த கொஞ்சநஞ்ச இரக்கமும் அந்த நொடியில் காலியானது.

வாய் திறந்துவிட்டது. முப்பத்தொரு வருடப் பழக்கம். கையும் களவுமாகச் சிக்கியவனை விட்டு அதற்குப் பழக்கமே இல்லை. சம்பந்தி மரத்தடியில் இவருக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். தொப்பியைக் கழற்றி, உச்சி வழுக்கையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு காலை லேசாகத் தாங்கி நின்றார். அறுபத்து மூன்று வயது ஆள், எண் மாற்றிய உறை ஒன்றை வாங்கி, ஒவ்வொரு அடிக்கும் திரும்பி நின்று கழற்றி, திரும்பி நின்று மாட்டி, எத்தனை நாள் பாடுபட்டிருப்பார்!

இவர் உறையை இழுத்து மாட்டினார். கொண்டுபோய்க் கொடுத்தார்.

இதைப் பெருந்தன்மை என்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாதி பெருந்தன்மை இருக்கலாம். மீதி, ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டில் சாப்பாடு.

சம்பந்தி திரும்பி நின்று உறையைக் கழற்றினார், அடித்தார், சட்டென்று மாட்டினார். பந்து மரத்துக்கு மேலே எழும்பி, பூப்போல இறங்கியது.

“அருமை சம்பந்தி” என்றார் இவர். “த்ரீ வுட்ல இவ்வளவு உயரம்!”

“எல்லாம் பழக்கம்தான்” என்றார் சம்பந்தி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு.

பதினெட்டாவது குழிவரை சமமாக வந்தார்கள். கடைசியில் ஒரு முழ தூரத்திலிருந்து பந்தைக் குழியில் தள்ள வேண்டியது சம்பந்தி. தள்ளினார். பந்து குழியின் விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியிலேயே நின்றுகொண்டது. ஆட்டம் போச்சு. அண்ணன் தம்பி இருவரும் ஆறு மாதத்தில் முதல் தடவையாக ஒருவரை ஒருவர் பார்த்து, உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சம்பந்தி குனிந்த தலை நிமிராமல் நின்றார்.

“பரவால்ல சம்பந்தி” என்றார் இவர். அந்தச் சொல் புதுச் செருப்பு மாதிரி வாயில் கடித்தது. இருந்தாலும் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். “பரவால்ல, விடுங்க.”

ரகசியத்தை உயிர் போனாலும் வெளியே விடுவதில்லை என்று காரில் வரும்போது முடிவு செய்தார். வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவியிடம் சொல்லிவிட்டார். அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ தளும்பியது. “யார்கிட்டயும் சொல்லிடாத” என்றார். “சத்தியமா மாட்டேன்” என்றாள். மகளுக்கு மட்டும் சொன்னாள். மகள் கணவனுக்கு மட்டும் சொன்னாள். அவன் அம்மாவுக்கு மட்டும் சொன்னான். அத்தை யாருக்கும் சொல்லவில்லை. நேராகப் பல் டாக்டர் முகத்துக்கு முன்னாலேயே கேட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் யாரும் கோல்ஃப் பற்றி வாய் திறக்கவில்லை. எல்லோரும் வானிலையைப் பற்றி மிக ஆர்வமாகப் பேசினார்கள். புதன்கிழமை சம்பந்தி பையில் மூன்றாம் எண் உறை இல்லை. ஏழு என்று போட்ட உறை இருந்தது.

“தோள்பட்டைக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னார்” என்றார், கேட்காமலே.

எந்த டாக்டர் என்று கேட்க நாக்குத் துடித்தது. “நல்ல டாக்டர்” என்று மட்டும் சொன்னார் இவர். அதற்குப் பிறகு இருவரும் வாரம் மூன்று நாள் சேர்ந்து ஆடினார்கள். இரண்டு ஏழாம் எண்ணும் ஒரே வண்டியில் பக்கத்துப் பக்கத்தில் போய்வந்தன.

அந்த வருடக் கடைசியில் மைதானத்தின் விதிமுறைக் குழுவில் ஓர் இடம் காலியானது. பெயரை முன்மொழிந்தவர் சம்பந்திதான். ஆறே வாரத்தில் இவர், ஆட்டக்காரர்கள் தொலைந்த பந்தைத் தேட எடுத்துக்கொள்ளும் நேரம் குறித்துப் பதினான்கு பக்க அறிக்கை தயாரித்து, ஆளுக்கொரு பிரதி கொடுத்தார். உறுப்பினர்களில் இருவர் உடல்நலக் குறைவு என்று எழுதிக் கொடுத்துவிட்டு விலகினார்கள். அவர்கள் வேலையையும் சேர்த்து இவரே பார்க்க வேண்டியதாயிற்று.

“அங்க தினம் எத்தனை மணிவரைக்கும் இருப்பீங்க?” என்று மனைவி கேட்டாள்.

“ஆறு மணிவரைக்கும்.”

“பாவம், ஆளில்லாம கஷ்டப்படுறாங்களே” என்றாள் அவள். “இன்னும் ஒரு மணி நேரம் கூடவே இருந்துட்டு வாங்க.”